ரெய்டு: வன்தட்டு அணிகளின் வரலாறு

ரெய்டு என்பது பல வன்தட்டுகளைச் சேர்த்து ஓர் அணியாக்கி, கணினிக்கு ஒரே பெரிய தட்டுபோலக் காட்டும் சேமிப்பு முறை ஆகும். அணியில் ஒரு தட்டு பழுதடைந்தாலும் அதிலிருந்த தரவை மற்றவற்றைக் கொண்டு மீட்டெடுக்கும்படி கூடுதல் தகவலைப் பதிந்து வைப்பது இதன் முதன்மையான நோக்கம். தமிழ்ச் செய்தித்தாள் வாசகருக்கு இச்சொல் வருமான வரித்துறையின் சோதனையையே நினைவூட்டும். இங்கே பேசப்படுவது 'ரிடண்டன்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். 'மிகைத் தகவலுடன் கூடிய மலிவுத் தட்டு அணி' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இதில் 'மலிவு' என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு.

ஒற்றைப் பெருந்தட்டின் காலம்

வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் வன்தட்டுக் கருவி ஐபிஎம் நிறுவனத்தின் 350. அது 1956-இல் 305 ராமாக் என்னும் கணினியின் பகுதியாக வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டுச் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த அளவுக்கு வந்துவிடும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் வளர்ச்சி ஒரே திசையில் சென்றது. பெரிய கணினிக்குப் பெரிய தட்டு என்பதே நடைமுறை. அதன் உச்சம் ஐபிஎம் 3380 வரிசை. 1980-களின் பிற்பகுதியில் வந்த அதன் ஒரு வகை 7,500 மெகாபைட் கொண்டது, 6,600 வாட் மின்சாரத்தை இழுத்தது, ஓர் அலமாரியின் இடத்தை அடைத்தது. அதே காலத்தில் மேசைக் கணினிகளுக்காகக் கானர் நிறுவனம் விற்ற சிபி3100 என்ற சிறு தட்டின் கொள்ளளவு 100 மெகாபைட், மின்தேவை 10 வாட்.

பெரிய தட்டும் பழுதாகும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. 1976-இல் தன் முதல் கணினியை அனுப்பிய டாண்டம் நிறுவனம், ஒரு நொடியும் நிற்கக்கூடாத வேலைகளுக்காக ஒவ்வொரு தரவையும் இரண்டு தட்டுகளில் எழுதும் முறையைக் கையாண்டது. மிரரிங் எனப்படும் இம்முறையில் ஒன்று போனால் மற்றது நிற்கும். பாதுகாப்பு உறுதி, ஆனால் செலவு இரட்டிப்பு. இதைவிடச் சிக்கனமான வழியும் அப்போதே எட்டிப்பார்த்தது. ஐபிஎம்மைச் சேர்ந்த நார்மன் கென் ஓச்சி 1977-இல் விண்ணப்பித்து 1978-இல் பெற்ற காப்புரிமை, பல சேமிப்புக் கருவிகளுக்கு ஒரே ஒரு கூடுதல் கருவியை வைத்துக்கொண்டு, பழுதானதன் தரவைக் கணக்கிட்டு மீட்பதை விளக்கியது. பத்தாண்டுகள் அது பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது.

பெர்க்கிலி கட்டுரை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1987-இல் ஓர் ஆய்வறிக்கையை எழுதினர். 1988-இல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் அது கட்டுரையாக வெளிவந்தது. கேள்வி எளியது: கணினிச் செயலிகளின் வேகம் ஆண்டுதோறும் பெருகுகிறது, சுழலும் தட்டின் வேகமோ அப்படிப் பெருகுவதில்லை. தட்டுக்காகக் காத்திருந்தே செயலியின் நேரம் வீணானால் வேகமான செயலியால் என்ன பயன்?

அவர்கள் சொன்ன விடை, பெரிய தட்டை விட்டுவிட்டுச் சிறிய தட்டுகளைக் கூட்டமாகச் சேர்ப்பது. 75 சிறு தட்டுகளைச் சேர்த்தால் 3380-இன் கொள்ளளவு வந்துவிடும். தரவைத் துண்டுகளாக்கிப் பல தட்டுகளில் பரப்பி ஒரே நேரத்தில் படித்தால், உள்ளிட்டு வெளியீட்டுத் திறன் 12 மடங்கு வரை உயரக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். மின்சாரமும் விலையும் குறைவு. இப்படித் துண்டு துண்டாகப் பரப்பும் ஸ்டிரைப்பிங் முறையைச் சேலமும் கார்சியா மோலினாவும் 1986-இலேயே ஆராய்ந்திருந்தனர்.

ஆனால் எண்ணிக்கை கூடினால் பழுதும் கூடும். அக்கட்டுரையைப் புகழ்பெறச் செய்தது இந்தக் கணக்குதான். ஒரு தட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால் அது மூன்று ஆண்டுக்கும் மேல். 100 தட்டுகள் இருந்தால், அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகும் வரையிலான சராசரி நேரம் 30,000-ஐ 100-ஆல் வகுத்தது, அதாவது 300 மணி நேரம். இரண்டு வாரம்கூட இல்லை. தரவு எல்லாத் தட்டுகளிலும் பரவிக் கிடப்பதால் ஒன்று போனாலே கோப்புகள் அனைத்தும் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இழக்கும் கணினியை யார் வாங்குவார்? எனவே மலிவுத் தட்டுகளைப் பயன்படுத்த வேண்டுமானால் மிகைத் தகவல் கட்டாயம். ரெய்டு என்ற ஆங்கிலச் சுருக்கத்தின் முதல் எழுத்து அவ்வாறு வந்ததே.

மதிப்பெண் பட்டியலும் பாரிட்டியும்

ஒரு தட்டின் முழுத் தரவையும் இன்னொரு படி எடுக்காமலே எப்படி மீட்க முடிகிறது என்பதை ஒரு மதிப்பெண் பட்டியலைக் கொண்டு விளக்கலாம். ஒரு மாணவி தமிழில் 72, ஆங்கிலத்தில் 65, கணிதத்தில் 88, அறிவியலில் 79, சமூக அறிவியலில் 70 எடுத்திருக்கிறாள். மொத்தம் 374. பட்டியலில் தண்ணீர் பட்டுக் கணித மதிப்பெண் அழிந்துவிட்டது. மற்ற நான்கின் கூட்டுத்தொகை 286. அதை 374-இலிருந்து கழித்தால் 88 கிடைக்கிறது. ஐந்து எண்களைக் காக்க ஒரே ஓர் எண் போதுமானதாக இருந்தது.

ரெய்டு அணியில் 'மொத்தம்' என்ற கட்டத்தின் வேலையைச் செய்வது பாரிட்டி. அங்கே கூட்டலுக்குப் பதிலாக ஒற்றை, இரட்டை மட்டும் பார்க்கப்படுகிறது. நான்கு தட்டுகளில் ஓரிடத்தில் 1, 0, 1, 1 என்ற பிட்டுகள் இருந்தால் 1-களின் எண்ணிக்கை மூன்று, ஒற்றைப்படை. எனவே ஐந்தாவது தட்டில் 1 எழுதப்படும். எந்தத் தட்டு போனாலும் மீதியைக் கணக்கிட்டு விடுபட்ட பிட்டை அறியலாம்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தண்ணீர் பட்டு அழிந்த மதிப்பெண் எது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் மொத்தத்தை வைத்து மீட்க முடிந்தது. யாரோ ஒருவர் 88-ஐ 83 என்று தவறாக எழுதியிருந்தால், மொத்தம் ஒத்துவரவில்லை என்பது மட்டும் தெரியும். எந்தப் பாடத்தில் தவறு என்று தெரியாது. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட திருத்தக் குறியீடு இந்த இரண்டாம் வகைச் சிக்கலைத் தீர்ப்பது. அதற்குக் கூடுதல் பிட்டுகள் பல தேவை. திங்கிங் மெஷின்ஸ் நிறுவனத்தின் டேட்டாவால்ட் இந்த வழியில் கட்டப்பட்டது. 32 தரவுத் தட்டுகளுக்கு 7 திருத்தத் தட்டுகள்.

பழுதான வன்தட்டோ தான் பழுதானதைப் பெரும்பாலும் தானே தெரிவித்துவிடுகிறது: சுழலாது, பதில் சொல்லாது, அல்லது படிக்க முடியவில்லை என்று கட்டுப்படுத்திக்குச் செய்தி அனுப்பும். எங்கே பழுது என்பது தெரிந்துவிட்டபின், ஏழு திருத்தத் தட்டுகள் செய்த வேலைக்கு ஒன்றே போதும். பெர்க்கிலி கட்டுரையின் மையமான வாதம் இதுவே. மற்ற நிலைகளைப் பற்றிய பேச்சில் இது பலமுறை மறக்கப்படுகிறது.

ஐந்து நிலைகள்

கட்டுரை ஐந்து அமைப்புகளுக்கு எண் கொடுத்தது. எண் கூடினால் தரம் கூடும் என்று பலர் நினைப்பது தவறு. அவை வெறும் வகைகள். முதல் நிலை மிரரிங். இரண்டாவது ஹாமிங் குறியீடு. மூன்றாவது, தரவை மிகச் சிறிய அலகுகளாகப் பரப்பி ஒரு பாரிட்டித் தட்டு வைப்பது. இரண்டும் மூன்றும் இன்று அருங்காட்சியகப் பொருள்கள் என்றே சொல்லலாம்.

நான்காம் நிலையில் தரவு பெரிய துண்டுகளாகப் பரப்பப்படும், பாரிட்டி முழுவதும் ஒரு தனித் தட்டில் இருக்கும். ஒரு துண்டை மாற்றி எழுத வேண்டுமானால் பழைய துண்டையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். ஒரு சிறு எழுத்துவேலைக்கு நான்கு செயல்கள். அதிலும் எந்தத் தட்டில் எழுதினாலும் பாரிட்டித் தட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்பதால் அங்கே நெரிசல். ஒரே ஒரு கையெழுத்து அதிகாரி உள்ள அலுவலகத்தில் எல்லாக் கோப்பும் அவர் மேசையில் குவிவதுபோல. ஐந்தாம் நிலை அந்தப் பொறுப்பைப் பகிர்ந்தது: பாரிட்டித் துண்டுகள் சுழற்சி முறையில் எல்லாத் தட்டுகளிலும் வைக்கப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 'ரெய்டு 5' என்பதே வழங்கிகளின் வழக்கமான தேர்வாயிற்று. பாதுகாப்பே இல்லாமல் பரப்ப மட்டும் செய்யும் அமைப்புக்கு 'ரெய்டு 0' என்ற பெயர் பின்னாளில் வந்தது. மிகைத் தகவல் அறவே இல்லாததற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்றாலும் அது நிலைத்துவிட்டது.

பெர்க்கிலி குழு தன் முதல் மாதிரியை 28 தட்டுகளுடன் 1989-இல் இயக்கியது. 1990-இல் ஈஎம்சி நிறுவனம் சிம்மெட்ரிக்ஸ் என்ற பெயரில் சிறு தட்டுகளின் அணியைப் பெருங்கணினிகளுக்கு விற்கத் தொடங்கியது. 1992-இல் தொடங்கிய நெட்ஆப் நான்காம் நிலையைத் தேர்ந்து, எழுதும் முறையைத் தன் கோப்பு முறைமை வழியே ஒழுங்குபடுத்தி அந்த நெரிசலைத் தவிர்த்தது. பெரிய தனித் தட்டுகளின் உற்பத்தி 1990-களில் அடங்கிப்போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க விலைமிக்க பெருந்தட்டு இல்லாமற்போனதும் 'மலிவு' என்ற சொல் பொருளிழந்தது. இந்த அணிகளை நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருந்த தொழில்துறைக்கும் அச்சொல் உவப்பாக இல்லை. 'இன்எக்ஸ்பென்சிவ்' என்ற சொல் 'இன்டிபென்டன்ட்' ஆனது. மலிவுத் தட்டுகள் 'தனித்தியங்கும்' தட்டுகள் ஆயின. சுருக்கப் பெயர் மாறவில்லை.

இரண்டாவது பழுது

ரெய்டு 5 ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். புதிய தட்டைப் பொருத்தியதும் மற்ற எல்லாத் தட்டுகளையும் முழுவதும் படித்து, இழந்ததைக் கணக்கிட்டு எழுத வேண்டும். அந்த மீள்கட்டுமானம் முடியும் வரை பாதுகாப்பு இல்லை. 1988-இன் 100 மெகாபைட் தட்டு நொடிக்கு 1 மெகாபைட் வேகத்தில் இயங்கியது. முழுவதையும் படிக்க 100 நொடி போதும். இன்றைய 20 டெராபைட் தட்டு நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இயங்கினாலும் 1,00,000 நொடி, ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். வேறு வேலை எதுவும் நடக்காவிட்டால்தான் இந்தக் கணக்கு. நடந்தால் நாட்கணக்கில் நீளும். கொள்ளளவு 2 லட்சம் மடங்கு கூடியது, வேகமோ 200 மடங்குதான். இந்த இடைவெளியே ரெய்டு 5-இன் செல்வாக்கைக் குறைத்தது.

இன்னொரு அடித்தளமும் ஆட்டங்கண்டது. ஒரு தட்டின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் 1988 கட்டுரையின் கணக்குகள் நின்றன. தட்டுத் தயாரிப்பாளர்களும் அப்படியே கணக்கிட்டனர். 2007-இல் பியாங்கா ஷ்ரோடர் என்பவருடன் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகளின் மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்தவர் வேறு யாருமல்லர், அதே கார்த் கிப்சன். 10 லட்சம் மணி நேரம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஆயுளின்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காடு தட்டுகளே பழுதாக வேண்டும். நடைமுறையில் 2 முதல் 4 விழுக்காடு சாதாரணமாக மாற்றப்பட்டன, சில இடங்களில் 13 வரை போயிற்று. பழுதுகள் கூட்டமாகவும் வந்தன: ஒரு வாரம் அதிகம் போனால் அடுத்த வாரமும் அதிகம் போனது. தான் பங்கேற்ற புகழ்பெற்ற கணக்கின் அனுமானத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தானே உரசிப் பார்த்த இச்செயல், ரெய்டைக் கண்டறிந்ததற்கு இணையாகப் பாராட்டத்தக்கது.

அதே மாநாட்டில் கூகுள் ஆய்வாளர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். படிக்க முடியாத பகுதி ஒன்று முதன்முதலாகத் தென்பட்ட தட்டு, அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்பது அவற்றுள் ஒன்று. வெப்பம் தட்டுகளைக் கொல்லும் என்ற பொதுக்கருத்துக்கு, மிக அதிக வெப்பநிலை தவிர மற்றபடி அவர்களுக்கு வலுவான சான்று கிட்டவில்லை.

தீர்வு, இரண்டு பழுதுகளைத் தாங்கும் ரெய்டு 6. மதிப்பெண் பட்டியலுக்கே திரும்புவோம். கணிதம், சமூக அறிவியல் இரண்டும் அழிந்துவிட்டால் மொத்தம் 374 என்பது மட்டும் போதாது. இரண்டின் கூட்டுத்தொகை 158 என்று தெரியும், அவ்வளவே. முன்யோசனையாக இன்னொரு கணக்கும் எழுதி வைத்திருந்தால்? முதல் பாடத்தை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல் என ஐந்தாவது வரை பெருக்கிக் கூட்டினால் 1132. தெரிந்த மூன்று பாடங்களின் பங்கான 518-ஐக் கழித்தால் மிஞ்சுவது 614. கணிதத்தின் மும்மடங்கும் சமூக அறிவியலின் ஐம்மடங்கும் சேர்ந்தது அது. 158-இன் மும்மடங்கு 474. 614-இலிருந்து அதைக் கழித்தால் 140. இது சமூக அறிவியலின் இருமடங்கு என்பதால் விடை 70, கணிதம் 88. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒருங்கமை சமன்பாடுகள்தான். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட குறியீடு இதே கருத்தை முடிவுறு புலம் என்னும் கணிதத்தில் செய்கிறது. குறுந்தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஒலிப்பது அக்குறியீட்டால்தான்.

பாரிட்டி தடுக்காதவை

அணியில் தட்டு பழுதாவது ஒருவகை ஆபத்து மட்டுமே. தரவை எழுதியபின் பாரிட்டியை எழுதுமுன் மின்சாரம் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். பிறகு என்றோ ஒரு தட்டு போகும்போது தவறான பாரிட்டியிலிருந்து தவறான தரவு மீட்கப்படும். 'எழுத்துத் துளை' எனப்படும் இச்சிக்கலுக்காகவே விலையுயர்ந்த கட்டுப்படுத்திகளில் மின்கலம் வைக்கப்பட்டது. சன் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, பழைய தரவின் மேல் எழுதாமல் எப்போதும் புதிய இடத்தில் எழுதி இதைத் தவிர்த்தது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்ததால், 88 என்பது 83 ஆக மாறிய வகைத் தவறிலும் எது தவறு என்று அதனால் சுட்ட முடிந்தது.

மனிதத் தவறை எந்த நிலையும் தடுப்பதில்லை. ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுத் தளம் ஆறு ஆண்டுகள் இயங்கியது. பயனர்களின் எழுத்து முழுவதும் மிரரிங் செய்யப்பட்ட தட்டுகளில் இருந்தது. அதையே காப்புப்படி என்று நடத்துநர்கள் எண்ணியிருந்தனர். 2008 டிசம்பரில் தரவுத்தளம் மேலெழுதப்பட்டு அழிந்தது. அழிவும் கட்டளையாக வந்ததால் இரண்டு தட்டுகளிலும் ஒழுங்காக, ஒரே நேரத்தில் நிறைவேறியது. மீட்பு நிறுவனத்தாலும் எதையும் எடுக்க முடியவில்லை. 2009 தொடக்கத்தில் தளம் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது.

நான்கு தட்டுப் பெட்டி

பெரிய தரவு மையங்கள் இன்று ஓர் இயந்திரத்துக்குள் அணி அமைப்பதோடு நிற்பதில்லை. பேக்பிளேஸ் நிறுவனம் 2015-இல் ஒவ்வொரு கோப்பையும் 17 தரவுத் துண்டும் 3 பாரிட்டித் துண்டுமாக்கி, 20 தனித்தனி வழங்கிகளில் வைக்கத் தொடங்கியது. அந்த அமைப்பில் எந்த மூன்று போனாலும் கோப்பு இருக்கும். வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ உள்ளவரின் தேர்வு பெரும்பாலும் நான்கு தட்டுகள் கொள்ளும் ஒரு பெட்டியைச் சுற்றியே அமைகிறது.

திருமணப் படங்களைச் சேமிக்கும் ஒரு புகைப்பட நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். 4 டெராபைட் தட்டுகள் நான்கு. ரெய்டு 5 அமைத்தால் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு பழுதைத் தாங்கும். ரெய்டு 6 அமைத்தால் 8 டெராபைட், எந்த இரண்டு பழுதையும் தாங்கும். தட்டுகளை இரண்டிரண்டாக மிரரிங் செய்து பரப்பும் ரெய்டு 10-இலும் அதே 8 டெராபைட்தான். ஆனால் ஒன்று போனபின் மீதி மூன்றில் அதன் இணை போனால் எல்லாம் போகும், மற்ற இரண்டில் ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. அதற்கு ஈடாக ரெய்டு 10-இல் எழுதுவது வேகம், மீள்கட்டுமானத்துக்கு ஒரே ஒரு தட்டைப் படித்தால் போதும். ரெய்டு 6-இல் சிறு எழுத்துவேலை ஒன்றுக்கு ஆறு செயல்கள் தேவை. தரவுத்தளம் இயக்குபவருக்கு ரெய்டு 10 ஏற்றது. ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை பார்க்கும் படங்களுக்கு ரெய்டு 6 ஏற்றது. 12 டெராபைட் கிடைக்கிறதே என்று ரெய்டு 5-ஐ எடுப்பவர், மணமக்களின் படங்களுக்கு வேறு இடத்தில் முழுமையான காப்புப்படி ஒன்று வைத்திருந்தால் மட்டுமே அந்தத் துணிவுக்குப் பொருள் உண்டு.

இணையப் பேச்சுகளில், படிக்க முடியாத பிட் ஒன்று எப்படியும் குறுக்கிட்டு ரெய்டு 5 மீள்கட்டுமானத்தைக் கெடுத்துவிடும் என்று ஒரு கணக்கு காட்டப்படுகிறது. 100 லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்று பல தட்டுகளின் விவர அட்டையில் இருக்கும். அது 12.5 டெராபைட். ஆனால் அந்த எண் தயாரிப்பாளர் தரும் மேல்வரம்பு, அன்றாடம் நிகழும் வீதம் அன்று. பயமுறுத்தலைக் குறைத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையைக் குறைக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை எல்லாத் தட்டுகளையும் முழுவதும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பிங் என்ற வேலையை இயக்கிவிட்டால், இத்தகைய பகுதிகள் மீள்கட்டுமான நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.

கட்டுப்படுத்தி அட்டையா, மென்பொருளா என்பது அடுத்த கேள்வி. அட்டை பழுதானால் அதே வகை அட்டையைத் தேடி அலைய நேரும். லினக்ஸின் எம்டி அணியையோ இசட்எஃப்எஸ் அணியையோ தட்டுகளோடு வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று திறக்கலாம். சிறு அமைப்புகளுக்கு மென்பொருள் வழியே மேல். நான்கு தட்டுகளையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்காமல் இருப்பது நல்லது. திண்மநிலை இயக்கிகளுக்கும் இது பொருந்தும். மிரரிங்கில் இரண்டிலும் ஒரே அளவு எழுதப்படுவதால் அவை ஒன்றாகத் தேயும். யூபிஎஸ் இல்லாமல் அணியை இயக்கக்கூடாது. தட்டு பழுதானதும் மின்னஞ்சலோ ஒலியோ வரும்படி அமைத்து, பெட்டியில் படங்களை ஏற்றுமுன் ஒரு தட்டை உருவிப் பார்த்து அந்த எச்சரிக்கை உண்மையில் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். முதல் பழுதை யாரும் கவனிக்காமல், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழித்துக்கொண்ட அணிகள் ஏராளம்.